பொருளாதாரத் தாளில் வெள்ளி ரேகை

சென்ற வாரம் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போயிருந்தேன். நான் படித்த அதே அரசுக் கலைக் கல்லூரி. அப்பா படித்த இடம் என்பதை அவள் ஒரு சிறப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள். “டவுன் பஸ்ல போயிட்டு வந்துரலாம்ப்பா. அதுக்காகத்தான்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாவும் மகளும். அந்த அம்மா சேர்க்கைப் படிவத்தை இரண்டு மூலைகளிலும் நகத்தால் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார், எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த அப்பளத்தைப் பிடிப்பதுபோல. சிறிது நேரத்தில் கை வலித்திருக்க வேண்டும். திரும்பி என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. எங் கை பட்டா கறையாயிரும்.”

விரல் நுனிகள் பத்தும் வெள்ளியாக மின்னின. வாங்கிக்கொண்டேன். படிவத்தோடு ஒரு வாசனையும் வந்தது. கொஞ்சம் கந்தகம், கொஞ்சம் மைதாப் பசை, அதற்கு மேல் அவசரமாகத் தேய்த்த எலுமிச்சை சோப்பு. மதியம் ஒன்றரை மணிக்கு எங்கள் வகுப்பறை முழுக்க இந்த வாசனைதான் இருக்கும். நான் வரிசையில் நின்றபடியே முப்பது வருஷம் பின்னால் போய்விட்டேன். வரிசை நகர்ந்தபோது மகள் முதுகில் குத்தித்தான் திரும்பி வந்தேன்.

எங்கள் கல்லூரி ஒரு கட்டடத்தில் நடந்த இரண்டு கல்லூரி. காலையில் ஒரு கூட்டம் படித்துவிட்டுப் போகும், மதியம் நாங்கள் வருவோம். என் பெஞ்சில் காலையில் உட்கார்ந்தவன் யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று வருஷம் மேஜையில் பென்சிலால் கடிதம் எழுதிக்கொண்டோம். ‘இந்த ஆணி சட்டையைக் கிழிக்கிறது, கவனம்’ என்று அவன் எழுதுவான். ‘நேற்றே கிழித்துவிட்டது’ என்று நான் எழுதுவேன். இன்றுவரை எனக்கு அமைந்த நல்ல நண்பர்களில் அவன் ஒருவன். முகம் பார்க்காததுகூடக் காரணமாக இருக்கலாம்.

எங்கள் வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் காலையில் எங்கேயாவது வேலை பார்த்துவிட்டு வருபவர்கள். பக்கத்தில் உட்காரும் கருப்பசாமி ஆப்செட் அச்சகத்தில் இருந்தான். காலண்டர் சாமிகளின் மஞ்சளும் ரோஸும் அவன் நகத்துக்குள் நிரந்தரமாகக் குடியிருந்தன. முன் பெஞ்சில் மாரீஸ்வரி. பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற பட்டாசுக் கம்பெனியிலிருந்து மினி பஸ் பிடித்து வருவாள். எங்கள் வீட்டில் கடை இருந்தது. என்னைக் கடையில் உட்கார வைத்துப் பார்த்த அப்பா, இவன் படிப்பதுதான் வியாபாரத்துக்கு நல்லது என்று முடிவெடுத்து அனுப்பியிருந்தார். அதிகக் கட்டணம் கேட்ட கல்லூரிகளுக்கு என் மதிப்பெண் போதவில்லை. குறைந்த கட்டணம் வாங்கிய இந்தக் கல்லூரி மதிப்பெண்ணைப் பெரிதுபடுத்தவில்லை. மதுரைக்குப் போய்த் திரும்பும் பஸ் காசில் ஒரு பருவம் படித்துவிடலாம்.

பூச்சட்டி மருந்தில் சேர்க்கிற அலுமினியத் தூளைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது கையில் படிந்தால் கழுவினால் பரவுமே தவிரப் போகாது. புளி, சாம்பல், தேங்காயெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். வகுப்பு நோட்டுகளை மாரீஸ்வரியிடம்தான் எல்லோரும் கடன் வாங்குவோம். பக்கம் புரட்டும் மூலையில் ஒரு பெருவிரல் வெள்ளியாகப் பதிந்திருக்கும். அது இருந்தால் அந்தப் பக்கத்தை அவள் படித்துவிட்டாள் என்று அர்த்தம். என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் எந்த அடையாளமும் இருக்காது.

அந்த வருஷம் தீபாவளி தள்ளி வந்தது. சாதாரணமாகச் சீசன் முடிந்த பிறகுதான் பருவத் தேர்வு. அப்போது இரண்டும் மோதிக்கொண்டன. கம்பெனியில் கடைசி லோடு போகிற வாரத்தில் எங்களுக்குப் பொருளாதாரத் தேர்வு. காலையில் மருந்து அடைத்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு ‘உழைப்பின் இறுதிநிலை உற்பத்தித்திறன்’ பற்றி எழுத வேண்டும். உழைப்பைப் பற்றி எழுதும் தகுதி அந்த அறையில் எல்லோருக்கும் இருந்தது, என்னைத் தவிர.

மாரீஸ்வரிக்கு அந்தத் தேர்வு சும்மா ஒரு தேர்வு இல்லை. ஒரு தாள் போனாலும் படிப்பை நிறுத்திக்கொண்டு முழுநேர வேலைக்கு வந்துவிட வேண்டும் என்பது வீட்டில் போட்ட ஒப்பந்தம். அவளுடைய அம்மா கம்பெனிப் போர்மேனிடம் சொல்லியும் வைத்திருந்தாராம். இதை எங்களிடம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதனால் நாங்களும் சிரித்து வைத்தோம்.

தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பறக்கும் படை வந்தது. வெளியூர் ஆள், சலவை கலையாத சட்டை, கையில் ஒரு கோப்பு. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவர் மாரீஸ்வரியிடம் நின்றுவிட்டார். அவளுடைய விடைத்தாளை எடுத்துப் புரட்டினார்.

“என்னம்மா இது, பக்கத்துக்குப் பக்கம் வெள்ளியா? திருத்துறவருக்கு அடையாளம் வைக்கிறியா?”

விடைத்தாளில் அடையாளக் குறி இடுவது முறைகேடு. பெயர் எழுதக் கூடாது, சாமி பெயர்கூட எழுதக் கூடாது. கோப்பிலிருந்து அவர் ஒரு படிவத்தை உருவினார். அதில் எழுதிவிட்டால் அந்தத் தாள் போனது, அதோடு வருஷமும் போனது.

மாரீஸ்வரி எழுந்து நின்றாள். “கைல ஒட்டுனது சார். அலுமினியத் தூளு.”

“கழுவிட்டு வர வேண்டியதுதானே?”

“கழுவிட்டுத்தான் சார் வந்தேன்.”

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அவர் படிவத்தில் தேதியை எழுத ஆரம்பித்தார்.

பக்கத்தில் கருப்பசாமி மெதுவாக எழுந்தான். “சார், எம் பேப்பர்ல மஞ்சளா இருக்கு. அதையும் எழுதிக்கிடுங்க.”

“ஏய், ஒக்காரு.”

“இல்ல சார், ரோஸும் இருக்கு.”

அவனைப் பார்த்து இன்னொருவன் எழுந்தான், அவனுக்குத் தீக்குச்சி மருந்தின் சிவப்பு. பின்னால் இரண்டு பெண்கள், வெள்ளி. கண்காணிப்புக்கு வந்த வரலாற்றுத் துறை மேடம் இதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது, “எல்லாரையும் பாத்துட்டு எழுதிருங்க சார். ஒருத்தர மட்டும் எழுதினா நல்லாருக்காது” என்றார், வெண்டைக்காய் பொறுக்குகிறவரின் நிதானத்தோடு.

பறக்கும் படைக்காரரும் விடாக்கண்டர். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். வெள்ளி, வெள்ளி, மஞ்சள், சிவப்பு, வெள்ளி. ஒரு பச்சை. கடைசியில் என் தாளுக்கு வந்தார். முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

“இது யாரு பேப்பர்?”

“என்னுது சார்.”

“ஒண்ணுமே இல்லையே?”

“தெரிஞ்சத எழுதிட்டேன் சார்.”

“நான் கறையக் கேட்டேன்” என்றார்.

“அவன் எதையும் தொட மாட்டான் சார்” என்று கருப்பசாமி சான்றளித்தான். “கடை வீட்டுப் பிள்ளை.”

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்த ஹால்ல அடையாளம் தெரியிற பேப்பர் இது ஒண்ணுதான்ப்பா” என்று சொல்லிவிட்டு, எழுதிய படிவத்தைக் குறுக்கே அடித்துக் கோப்பில் வைத்தார். மாரீஸ்வரியின் தாளை அவரே அவள் மேஜையில் வைத்தார். “ஒக்காந்து எழுதும்மா. டைம் போகுது.”

போகும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தவர் தன் விரல்களைப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்தார். கைக்குட்டைதான் வெள்ளியானது. மேடம் பதிவேட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்திவைத்தார். கையெழுத்துக்குக் கீழே அவருடைய பெருவிரல் அழகாகப் பதிந்தது.

அந்தத் தாளில் மாரீஸ்வரி தேறினாள். பிறகு மற்றவற்றிலும் தேறி, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, இப்போது சாத்தூர்ப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் எடுக்கிறாள். அரியர் விழுந்தது எனக்குத்தான். அதை எழுதித் தேறிய நான், கருப்பசாமி பார்த்துச் சொன்ன அச்சகத்தில் காலண்டர் மெய்ப்புப் பார்க்கிறேன். பன்னிரண்டு ராசிக்காரர்களின் அடுத்த வருஷமும் என் கைவழியாகத்தான் போகிறது. இப்போது என் விரலிலும் கொஞ்சம் மை உண்டு. கல்லூரியில் சேர்ந்தபோதே இருந்திருக்கலாம்.

“அடுத்த ஆளு வாங்க” என்று அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அந்த அம்மாவின் முறை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார்.

“கையெழுத்துப் போடணுமாம் அண்ணாச்சி. பேப்பர்ல பட்டுருமே. வேற பேப்பர் கேப்பாகளோ?”

“கேக்க மாட்டாக. நல்லாப் படட்டும். இந்தக் காலேஜுக்கு அது பழக்கந்தான்.”

அவர் படிவத்தை மேஜையில் வைத்து, இடது கையால் முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் கறையைப் பார்த்துவிட்டுப் படிவத்தை அவருடைய மகள் பக்கம் தள்ளினார்.

எங்கள் பழைய மேஜைகள் இப்போது இல்லை. எழுதுபலகை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால் எந்தக் கடிதமும் நிற்காது. என் காலைவேளை நண்பனின் ஆணியையும் யாரோ பிடுங்கிவிட்டார்கள். இதையெல்லாம் நினைத்து வருத்தப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவின் மகளும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். பெற்றோர் கட்டத்தில் ஐந்து விரலும் வெள்ளியாகப் பதிந்திருந்தன. பக்கத்தில் மாணவி கட்டத்தில் நீல மையில் பெயர் மட்டும் இருந்தது.