வண்டிய எடுங்கய்யா

அண்ணனுக்கு இது மறதி நோயின் ஆரம்பம் என்று டாக்டர் சொன்ன அன்று பயந்தது அண்ணன் இல்லை, நான். அவரை பைக்கில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வீடு திரும்பும்போதே எனக்கும் வந்துவிட்டதா என்று சோதிக்க ஆரம்பித்துவிட்டேன். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று ரயில் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். விம்கோ நகருக்கு அடுத்த பெயர் வரவில்லை. அதைத் தேடியதில் பைக் ஆடியது.

பின்னாலிருந்து அண்ணன், "கத்திவாக்கம்டா. ரோட்ட பாத்து ஓட்டு," என்றார்.

அவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டி ஓய்ந்தவர். டாக்டர் மாத்திரையோடு ஓர் உத்தரவும் கொடுத்தார்: தினமும் நடக்கவேண்டும், லேசாக மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச்சு நிற்கக் கூடாது. நடந்தால் போனது திரும்பாது. இருப்பதை இன்னும் கொஞ்ச காலம் பிடித்துவைக்கலாம், தூக்கம் வரும், எரிச்சல் குறையும் என்றார். பக்கத்தில் நல்ல பார்க் இருந்தால் மரநிழலில் நடங்கள் என்றும் சொன்னார்.

நல்ல பார்க். திருவொற்றியூரில். எங்கள் பகுதிப் பூங்காவின் கேட்டில் பூட்டு தொங்குகிறது. சுவர் இடிந்த பக்கமாக நுழைந்து ஓர் ஆடு மட்டும் தினமும் நடைப்பயிற்சி செய்கிறது; அதற்கு மறதி வர வாய்ப்பே இல்லை. கடற்கரைக்குப் போனால் மணல் இருந்த இடமெல்லாம் கடல் அரிப்புக்குக் கொட்டிய பாறாங்கல். மிச்சம் இருந்தது எண்ணூர் சாலை. அதன் ஓரத்தை, துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் டிரெய்லர்கள் மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டன. எந்தெந்த ஊர் சரக்குக்கோ வழி விட்டோமே, எங்கள் ஊர் மனிதன் கால் வைக்க ஒரு முழம் விட்டார்களா? அந்த வரிசைக்கும் சாக்கடைக்கும் நடுவே டீசல் புகையைக் குடித்துக்கொண்டு, மூளையைக் காப்பாற்ற நடந்தோம்.

அண்ணன் வேகமாகத்தான் நடந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது, பேச்சும் நின்றது. நன்றாகத் தூங்கினார். அண்ணியிடம் கோபப்படுவதை நிறுத்தினார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் டீ குடிக்கப் போனால் சாவியை வண்டியிலேயே விட்டுப் போவார். முன்வண்டி நகர்ந்தால், பக்கத்தில் நிற்கிற டிரைவர் யாராவது ஏறி அந்த வண்டியை முன்னே தள்ளி நிறுத்துவார். இல்லாவிட்டால் எவனாவது குறுக்கே நுழைந்துவிடுவான்.

ஒரு சாயங்காலம் என் புது ஷூவின் நாடா அவிழ்ந்தது. குனிந்து கட்டி நிமிர்வதற்குள் முன்வண்டி நகர்ந்து வரிசையில் இடைவெளி விழுந்திருந்தது. பின்னாலிருந்து ஹாரன் அலறியது. அண்ணனைக் காணோம். மேலே பார்த்தேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தார்.

அத்தனை நீள டிரெய்லர் நகர்ந்தது. நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் ஓடினேன். எதற்கு? அதை நெஞ்சால் தடுத்து நிறுத்தவா? முன்வண்டிக்கு ஒரு சாண் விட்டு அழகாக நிறுத்தினார். நான் கதவைத் தொற்றி ஏறினேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, நான்தான் கிளீனர் என்பதுபோல, "ஹார்பர்ல எந்த கேட்டுடா இன்னிக்கி?" என்று கேட்டார்.

நான் எட்டி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

டிரைவர் டீக்கடையிலிருந்து வந்து, அண்ணனைப் பார்த்து நன்றி சொன்னார். நான்தான் அவர் சட்டையைப் பிடித்தேன். "சாவிய வுட்டுட்டு போவியா நீ? அறிவு கீதா?"

"வரிசைல சாவிய எடுத்துனு போறவன் மனுசனா?" என்றார் அவர். நான் இன்னும் கத்தினேன்.

அதோடு விட்டேனா? திரும்பும் வழியில் அதே டீக்கடையில் இந்தக் கதையைக் கை கால் ஆட்டி நடித்துக் காட்டினேன். நாங்கள் வீடு சேரும் முன்பே கதை சேர்ந்துவிட்டது. அண்ணி வாசல் கேட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஒனக்கு காமெடியா கீது. நாளிக்கு எவன் மேலயாச்சும் ஏத்திட்டாருன்னா?"

அண்ணி சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நடை மொட்டை மாடிக்குப் போனது. தண்ணீர் டேங்கையும் காயும் புடவைகளையும் சுற்றிச் சுற்றி வந்தோம். கைப்பிடிச் சுவரெல்லாம் அனல் மின்நிலையச் சாம்பல். கொஞ்ச நேரத்தில் அண்ணன் நின்றுவிடுவார். "இன்னாடா, சுத்திகினே கீறோம்? கொள்ளி வெக்கவா?" என்று ஒருநாள் கேட்டார். அதன்பின் மாடி ஏறவில்லை. பகலெல்லாம் தூங்கினார், ராத்திரி எழுந்து பூட்டை ஆட்டினார். ஒரு காலையில் அண்ணியைப் பார்த்து, யாரும்மா நீ என்றார்.

அன்றே அண்ணி முந்தானையை அவிழ்த்து சாவியை என் கையில் திணித்தார். "இஸ்துகினு போ. ஆனா வண்டில ஏறக்கூடாது. ஏறினாரு, நீ இந்த வூட்டு பக்கமே வராத."

கையைப் பிடித்து நடந்து பார்த்தேன். அண்ணன் உதறினார், நான் என்ன குழந்தையா என்றார். யோசித்ததில் ஒன்று புரிந்தது: வரிசையில் இடைவெளி விழுந்தால்தான் அவர் கால் வண்டிப் படியைத் தேடுகிறது. இடைவெளியே விழக்கூடாது.

இப்போது தினமும் நான் அவருக்கு முன்னால் ஓடுகிறேன். எந்த வண்டி நகர்கிறதோ அதற்குப் பின்வண்டியின் கதவைத் தட்டுகிறேன். தூங்குகிறவனை எழுப்புகிறேன், டீ குடிக்கிறவனை விரட்டுகிறேன். "வண்டிய எடுங்கய்யா, எடுங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். பூங்காவைப் பூட்டியவனை, கடலுக்குக் கல் போட்டவனை, சாலையை விழுங்கியவனையெல்லாம் நான் கண்ணால் பார்த்ததில்லை. கைக்கு எட்டுவது இந்தக் கதவுகள்தான். பாவம், தூக்கம் கெட்ட டிரைவர்கள் என் வம்சத்தையே திட்டுகிறார்கள்.

நேற்றும் அப்படித்தான். வியர்த்து வழிந்து ஒரு கதவைக் குத்திக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து தலையை நீட்டிய டிரைவர் என்னை விட்டுவிட்டு, பின்னால் நிதானமாக வந்த அண்ணனிடம் கேட்டார்: "நைனா, யாரு இவுரு? இன்னா ஆச்சு இவுருக்கு?"

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணியிடம் யாரும்மா நீ என்றது எனக்கு நினைவுக்கு வந்தது.

"என் தம்பி," என்றார். "கொஞ்ச நாளா இப்டித்தான். டாக்டரு நடக்க சொல்லிக்கீறாரு."