கடல் சாமந்தியைக் கொன்றது யார்?

அறுபதுகளின் பின்பாதி. அப்போது நான் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயன ஆசிரியை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாடம் நன்றாக நடத்துவேன் என்று பெயர். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்றும் பெயர். இரண்டுமே உண்மைதான்.

எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா கப்பலில் இன்ஜினீயர். லட்சத் தீவுப் பக்கம் போய்த் திரும்பியவர், ஒரு பெரிய மரத் தொட்டியில் கடல்நீர் ஊற்றி, அதற்குள் ஒரு சின்ன உலகத்தையே கொண்டுவந்து பள்ளிக்குப் பரிசாக இறக்கிவிட்டார். உயிருள்ள பவளப் பாறைத் துண்டுகள், ஒரு நட்சத்திர மீன், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் இரண்டு நண்டுகள், கை விரல்கள் போல அசைந்துகொண்டே இருக்கும் ஒரு கடல் சாமந்தி, அதற்குள் புகுந்து புறப்பட்டு விளையாடும் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள். கடல் சாமந்தி என்பது பூ இல்லை, பிராணி என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இருந்தாலும் ‘சயன்ஸ் டீச்சர்’ என்ற ஒரே காரணத்துக்காகத் தலைமையாசிரியர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

நாலடி நீளத்துக்கு இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று சோதனைச் சாலையின் கிழக்கு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தது. காற்று ஊதும் சின்ன மோட்டார் நாள் முழுக்க ரீங்காரம் போடும். கல் அடுக்கும் வேலை என்னுடையது. நான் கொலு வைத்துப் பழகியவள். படிப்படியாக அடுக்கி, உச்சியில் பெரிய கல்லை வைத்து, தள்ளி நின்று பார்த்துப் பூரித்துப்போனேன். மறுநாள் காலையில் உச்சிக் கல் சரிந்து கிடந்தது. நண்டுகள் அடி மணலைத் தோண்டியிருந்தன. கடவுள் புண்ணியத்தில் கண்ணாடி உடையவில்லை.

“மணலுக்கு மேல வச்சா நிக்காது டீச்சர். தரையில கல்ல வச்சுட்டு, பெறவு மணலப் போடணும்” என்றார் லேப் அட்டெண்டர். தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பள்ளியில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எங்கள் இரண்டு பேருக்கும் அப்படித்தான் வேலை பிரிந்தது. மோட்டாரைக் கவனிப்பது, கண்ணாடியைத் துடைப்பது, இறால் வாங்கிவந்து பொடிப்பொடியாக நறுக்கிப் போடுவது எல்லாம் அவர். நான் சைவம். இறால் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிடுவேன்.

முதல் தடவை தொட்டி நிரப்பத் தேவையான கடல்நீரை இன்ஜினீயரே பெரிய கண்ணாடி ஜாடிகளில் கொண்டுவந்திருந்தார். வாரம் ஒரு குடம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுக் கடல்நீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பயணம் கிளம்பிவிட்டார். “தண்ணி நான் எடுத்துட்டு வரட்டுமா டீச்சர்?” என்று அண்ணாச்சி கேட்டார். நான் விடவில்லை. “உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி சிரமம்?” என்றேன். உண்மைக் காரணம் வேறு. இறால் நறுக்கும் கை பட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று எனக்குள் ஓர் எண்ணம். அந்த இறாலே அதே தண்ணீரில்தான் விழப்போகிறது என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

இரும்பு வாளி உப்பு நீரில் துருப்பிடிக்கும். கண்ணாடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு பாறையில் நடக்க முடியாது. பிளாஸ்டிக் வாளி அப்போதுதான் கடைகளில் தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. அதன் வாடையே எனக்கு ஆகாது. வீட்டில் இருப்பதிலேயே சுத்தமான பாத்திரம் எது என்று பார்த்தேன். கல்யாணச் சீரில் வந்த செம்புக் குடம். புளி போட்டுத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் பாந்த்ராவுக்கு பஸ் ஏறிப்போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாறை மேல் நின்று அலையில் குடத்தை முக்கி எடுப்பேன். குடத்தோடு கடலுக்கு வந்த பொம்பளையைப் பார்த்து ஊரே சிரிக்கும். என் கணவர் கூட வரமாட்டார். ஞாயிறு பகல் தூக்கத்தை அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. தண்ணீர் ராத்திரி முழுக்கக் குடத்திலேயே தெளியும். திங்கட்கிழமை காலையில் தொட்டியில் ஊற்றுவேன்.

மூன்றாவது வாரம் நட்சத்திர மீனின் கைகள் துவண்டன. இரண்டு நாளில் கரைந்தே போயிற்று. நண்டு ஒன்று சங்கை விட்டு வெளியே வந்து கிடந்து செத்தது. பவளக் கல்லில் பொட்டுப் பொட்டாக விரியும் உயிர்கள் வாயை மூடிக்கொண்டன. ஆனால் மீன்கள் இரண்டும் ஜாம் ஜாமென்று நீந்திக்கொண்டிருந்தன! எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தண்ணீர் சரியில்லை என்றால் மீன் எப்படி இருக்கும்? தண்ணீர் சரி என்றால் மற்றவை ஏன் சாகின்றன?

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மோட்டாரில் கரண்ட் கசிகிறது என்றார் பௌதிக ஆசிரியர். நானே விரலை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. டிராயிங் டீச்சர் கண்பட்டுவிட்டது என்று சொல்லித் தொட்டிக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டார். வெயில் அதிகமோ என்று திரை போட்டேன். வெளிச்சம் போதாதோ என்று மறுநாள் எடுத்தேன். பழைய தண்ணீரில்தான் ஏதோ கெட்டது சேர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டி, வாரம் ஒரு குடத்துக்குப் பதில் இரண்டு குடம் மாற்றினேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று.

ஐந்தாவது வாரம் கடல் சாமந்தி சுருங்கிப்போய், கல்லைப் பிடித்திருந்த பிடியை விட்டு, பழைய துணி மாதிரி மணலில் கிடந்தது. ஆரஞ்சு மீன்கள் அது இருந்த வெற்றுக் கல்லையே போய்ப் போய் உரசிக்கொண்டிருந்தன. சாமந்தியைத் தேடுகின்றனவா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. வகுப்பில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன். அழுகை அடங்கியதும் கோபம் வந்தது.

அந்தக் கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நட்சத்திர மீன் துவள்வதற்கு முந்தைய வாரம்தான் அண்ணாச்சி மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்துபோனதைப் பார்த்திருந்தேன். எல்லாம் சட்டென்று பொருந்திவிட்டது. பொருந்திவிட்டதாக நான் நினைத்தேன்.

“நான் டீச்சர்மாரு ரூம்பு நாக்காலிக்குத்தான் அடிச்சேன். இங்க கொண்டாரவே இல்ல” என்றார் அவர். நான் நம்பவில்லை. “மருந்து பட்டுருந்தா மொதல்ல மீனுல்லா செத்துருக்கும் டீச்சர்? அது ரெண்டும் நல்லாத்தான நீஞ்சுது?” என்று கேட்டார். விஞ்ஞானம் படித்த நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கு அது எதிர்த்துப் பேசுவதாகத்தான் பட்டது.

தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘சோதனைச் சாலையில் மருந்து அடிப்பதைப் பார்த்தேன்’ என்று எழுதினேன். நான் பார்த்தது வராந்தாவில், பம்பைக் கையில் பிடித்திருந்ததை மட்டும்தான். பேனா எப்படி அப்படி ஓடியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அன்றே அண்ணாச்சியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை கமிட்டி கூடும், அநேகமாக வேலை போய்விடும் என்று பேச்சு. பன்னிரண்டு வருஷ வேலை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தண்ணீர் எடுக்கப் போனேன். பிழைத்திருந்த ஒற்றை நண்டையும் மீன்களையுமாவது காப்பாற்ற வேண்டுமே. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து வரிசையில் ஒருவர். நகக்கண் எல்லாம் செங்காவிப் பெயிண்ட். என் மடியில் இருந்த குடத்தையே பார்த்துக்கொண்டு வந்தவர் கடைசியில் கேட்டார்:

“பாயி, தாம்பே மே சமுந்தர் கா பானி? கிஸ் லியே?”

அம்மா, செம்பில் கடல் தண்ணீரா, எதற்கு என்று கேட்கிறார். என் அரைகுறை இந்தியில் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். மனுஷர் சிரித்துவிட்டார். அவர் துறைமுகத்தில் கப்பல் அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவராம். அந்தப் பெயிண்டில் செம்பு கலந்திருக்குமாம். ஏன் தெரியுமா? கிளிஞ்சல், பாசி, பூச்சி எதுவும் கப்பலில் ஒட்டி வளராமல் இருக்கத்தானாம். செம்பு ஊறிய கடல் தண்ணீரில் அதெல்லாம் பிழைக்காது, மீன் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், நீங்கள் வாரா வாரம் விஷம் ஊற்றியிருக்கிறீர்கள் என்று, பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாஹிமில் இறங்கிப்போனார்.

மடியில் இருந்த குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் குடத்தின் கழுத்துக்குள் பச்சையாக ஒரு படிவு இருக்கும். அதைத்தான் நான் புளி போட்டுப் போட்டுத் தேய்த்தேன். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன், ஐயா! நான் ரசாயன டீச்சர்.

மறுநாள் காலையில் சோதனைச் சாலைக் கதவைச் சாத்திக்கொண்டு, குடத்துத் தண்ணீரில் கொஞ்சத்தைச் சுண்டக் காய்ச்சி அம்மோனியா விட்டேன். முதலில் வெள்ளையாகத் திரிந்தது. அது கடல்நீருக்கு வழக்கம். கீழே படிந்ததும் மேலே தெளிந்த நீரைப் பார்த்தேன். நீலம். மெல்லிய, அழகான நீலம். நான் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் செய்து காட்டுகிற சோதனை.

அந்தச் சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “விடுங்கோ. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? அவன் ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் கொடுக்கட்டும், வேலையில திரும்பச் சேர்த்துண்டுடலாம்” என்றார்.

ஒரு நிமிஷம், மறைப்பானேன், எனக்கு அது நல்ல வழியாகத்தான் தோன்றியது. அவருக்கும் வேலை இருக்கும், எனக்கும் மானம் இருக்கும். வாசல் வரைக்கும் போய்விட்டேன். செய்யாத தப்புக்கு அவர் எழுதப்போகும் அந்த மன்னிப்புக் கடிதம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ‘மருந்து அடித்தேன்’ என்று அவரும், ‘பார்த்தேன்’ என்று நானும். இரண்டு பொய்க் கடிதங்கள் ஒரே ஃபைலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். திரும்பி வந்து, என் பழைய கடிதத்தைக் கேட்டேன். கொடுக்க முடியாது என்றார். அப்படியானால் ஒரு காகிதம் கொடுங்கள் என்று வாங்கி, அங்கேயே உட்கார்ந்து இன்னொன்று எழுதினேன். நான் எதையும் பார்க்கவில்லை, கொன்றது என் குடம் என்று எழுதினேன். கமிட்டியில் அதை நானே படிக்கவும் படித்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். டிராயிங் டீச்சர் மறுநாள் வந்து எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை அண்ணாச்சி வேலைக்கு வந்தார். “என்னை மன்னிச்சிடுங்க அண்ணாச்சி” என்றேன். அவர் தலையை ஆட்டினாரா இல்லையா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. மோட்டாரைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் நான் உள்ளே நுழைந்தபோது தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு புது மண்பானை நின்றது. தாராவிக் குயவர்வாடியில் செய்தது. கழுத்து வரை கடல்நீர். தொட்டிக்குள்ளே வெற்றுக் கல்லுக்கு அருகில் ஒரு சின்ன மண் கலயம் சாய்ந்து கிடந்தது. ஆரஞ்சு மீன்கள் அதன் பக்கமே போகவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் ஒன்று மெதுவாக உள்ளே போய்ப் பார்த்தது. அப்புறம் இரண்டும் அதை விட்டு நகரவில்லை.

பானை வந்த அந்தத் திங்கட்கிழமை நான் அதைத் தூக்கப் போனேன். அண்ணாச்சி என்னை முந்திக்கொண்டு அதைத் தூக்கினார்.

“இனிமே தண்ணி நானே எடுத்துட்டு வாரேன் டீச்சர். நீங்க கல்ல மட்டும் அடுக்குங்க.”

முதல் வாரம் அவர் இதைத்தான் கேட்டார், நான்தான் விடவில்லை. இப்போது அவர் கேட்கவில்லை, சொன்னார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. என்னை மன்னித்துச் சொன்னாரா, இல்லை, உன் கையை நான் இனி நம்பமாட்டேன் என்று சொன்னாரா? அவர் ஓய்வு பெறும் வரை இன்னும் ஐந்தாறு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். கேட்க எனக்குத் தைரியம் வரவே இல்லை.

செம்பூருக்குக் குடிமாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தக் குடம் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, தேய்த்தால் இப்போதும் முகம் தெரியும், யார் மேலாவது எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் முதலில் போய் அதில்தான் பார்க்கிறேன்.