சுருளிவேல் போன் பண்ணாத மாதம்

எங்கள் அகரம் கிராமத்தில் சண்முகவள்ளி மாதிரி ஒரு வாயாடி கிடையாது. மல்லிகைத் தோட்டத்தின் அந்தக் கோடியில் நின்று மொட்டு எடுத்தாலும் அவள் பேச்சு இந்தக் கோடிக்குக் கேட்கும். அப்படிப்பட்டவள் ஒரு மாதமாக ஊமையாகிவிட்டாள். இடுப்பில் செருகிய போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதும், மொட்டோடு இலையையும் கிள்ளிப் போடுவதுமாக இருந்தாள்.

அவள் புருஷன் சுருளிவேல் மதுரை ஜெயிலில் இருக்கிறான். வரப்புத் தகராறில் பங்காளியை மண்வெட்டியால் அடித்ததற்கு நாலு வருஷம். சனிக்கிழமையானால் உள்ளேயிருந்து போன் பண்ணிவிடுவான். கத்தரி காய்த்ததா, மாடு சினை பிடித்ததா என்று ஒன்றுவிடாமல் கேட்பான். போன மாதம் இவள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதோடு போன் நின்றுபோனது.

"என்னக்கா தப்பு பண்ணுனேன்? மாட்டை வித்ததச் சொல்லிருக்கக் கூடாதோ? மெலிஞ்சுட்டீங்கன்னேன், அது பிடிக்கலையோ? இல்ல, மேலுக்கு முடியலையோ?" என்று என்னைப் பிடுங்கி எடுத்தாள்.

எனக்கென்ன ஜோசியமா தெரியும்? யோசித்து யோசித்து என் மண்டையும் குழம்பியதுதான் மிச்சம். "இங்கன கெடந்து பொலம்பாதடி. கெளம்பு, நேர்லயே கேட்போம்" என்று அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மனுப் போட்டுக் காத்திருந்து உள்ளே போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுருளிவேல் வந்து உட்கார்ந்தான். பேசுவதற்கு வைத்திருந்த போனை வள்ளி எடுக்குமுன் நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு ஆத்திரம்.

"ஏன்டா, ஒரு மாசமா இவ சோறு தண்ணி எறங்காமக் கெடக்கா. ஒரு போன் பண்ண ஒனக்குக் கை வலிக்குதா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். "அன்னைக்கு இவ போயிட்டு வாரேன்னு சொல்லலக்கா. எழவு வீட்ல இருந்து போறவ மாதிரி பேசாம எந்திரிச்சுப் போயிட்டா. என்னையத் தலைமுழுகிட்டான்னு நெனச்சேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?"

வள்ளியிடம் சொன்னேன். திகைத்துப்போனாள்.

"எங்கம்மாதான்க்கா சொல்லிவிட்டுச்சு. ஜெயிலுக்குள்ள போயிட்டு வாரேன்னு சொன்னா, மறுபடி மறுபடி அங்கயே வரவச்சிருமாம். அவரு சீக்கிரம் வெளிய வரணும்னுதான் வாயப் பொத்திக்கிட்டு வந்தேன்."

"அத அவன்கிட்டயே சொல்லித் தொலை" என்று போனை அவள் கையில் திணித்தேன். சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். பாவிகளா, இதற்கா இத்தனை நாள் இரண்டு பேரும் செத்துப் பிழைத்தீர்கள் என்றிருந்தது எனக்கு.

நேரமாகிவிட்டது என்று காவலர் சொன்னார். வள்ளி எழுந்தாள். போயிட்டு வாரேன் என்று சொன்னால் அவன் வெளியே வருவது தள்ளிப்போகுமோ என்று பயம், சொல்லாவிட்டால் மறுபடி போன் நின்றுவிடுமோ என்று பயம். வாயைத் திறப்பதும் மூடுவதுமாக என்னைப் பார்த்து முழித்தாள். போனில் நானும் காதை ஒட்டிவைத்தேன்.

சுருளிவேல் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், வீட்டிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்புகிறவன் மாதிரி.

"வள்ளி, நான் போயிட்டு வாரேன்" என்றான்.

இன்னும் மூன்று வருஷம் கிடக்கிறது.

"ம். பாத்து வாங்க" என்றாள் வள்ளி.