கத்தினால் ஏறும் வேகம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. என் மச்சானின் வலது கையில் இன்று இரண்டு விரல்கள்தான் இருக்கின்றன. அதை நான் கற்பனை செய்ய முடியாது.

பழைய டிராக்டர்களைப் பழுது பார்ப்பது எங்கள் தொழில். எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும். அன்று எங்களை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கூப்பிட்டிருந்தார். அவருடைய டிராக்டர் எங்களைவிட வயதானது. புதுப் பெயின்ட்டில் பளபளத்தது.

"சும்மா நிக்கும்போதே ஸ்பீடு ஏறுது. பாருங்க" என்றார். வீட்டுக்குள் போய்விட்டார்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்குப் புது ஸ்பிரிங் போட்டேன். கார்புரேட்டரைக் கழுவினேன். எங்கும் காற்று கசியவில்லை. ஸ்டார்ட் செய்தேன். சீராக ஓடியது.

"அந்த ஸ்பேனரைக் குடு" என்று சத்தமாகக் கேட்டேன்.

விர்ர்ர்... வேகம் ஏறியது.

நான் வாயை மூடினேன். இறங்கியது.

"உங்க குரலைக் கேட்டா அக்கா மாதிரியே இதுக்கும் கோவம் வருது மாமா" என்றான் மச்சான்.

மறுபடி ஏறியது. கவர்னர் கம்பி என் விரலடியில்தான் இருந்தது. அது அசையவே இல்லை...

மச்சான் சிரித்துக்கொண்டே குனிந்தான். சட்டைக் கை ஃபேன் பெல்ட்டில் சிக்கியது.

அலறினான்.

இஞ்சினும் அலறியது.

பிளக் ஒயரைப் பிடுங்கினேன். ஒயர் என் கையில். இஞ்சின் நிற்கவில்லை.

"மாமா... மாமா..."

இன்னும் வேகம். அவன் குரல் அதில் அமுங்கியது.

வாசலில் வாத்தியார். கையில் டீ கிளாஸ்.

"கத்த வேணாம்னு சொல்லுங்க. கத்தினா ஏறும்."

மச்சான் மயங்கினான்.

இஞ்சின் மெல்ல இறங்கியது...

நின்றது.

ஆஸ்பத்திரிக்கு வாத்தியாரின் மகள் வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த டிராக்டர் பின்னாடி சுத்துற ஷாஃப்ட்ல ஒருநாள் அம்மா துணி சிக்கிடுச்சு. அப்பா ஸீட்லதான் இருந்தார். அம்மா கத்தக் கத்த, வேகத்தை ஏத்திக்கிட்டே இருந்தார். பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். அப்பா என்னைப் பார்த்துட்டார்." குரலைத் தாழ்த்தினாள். "நான் கத்தல. அதனாலதான் உயிரோட இருக்கேன்."