தண்ணி ஏறுது!

எனக்குத் தண்ணீரில் கண்டம் இருப்பதாக அம்மா சொல்லுவாள். ஜாதகத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டாள். அந்தக் கண்டத்தை முன்னிட்டு, கம்மாபுரத்தில் எங்கள் தெரு வாண்டுகள் எல்லாம் ஏரியில் குதித்துக் கண் சிவந்து வீடு திரும்பும்போது, நானும் தம்பியும் குழாயடியில் பக்கெட்டை வைத்துக் கப்பால் மொண்டு ஊற்றிக்கொள்வோம். தம்பிக்குக் கண்டம் எதுவும் கிடையாது. என் கண்டத்தை அவனும் சேர்ந்து அனுபவித்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் கிள்ளைக்கு, சித்தி வீட்டுக்குப் போனோம். கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு அம்மா அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. சித்தி வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அம்மாவுக்குப் பயம் பயம்தான். நாலைந்து வருடம் பொறுத்துப் பார்த்த சித்தி, கடைசியில் போனில் அழுது சண்டை போட்டாள். அதற்குப் பிறகுதான் பத்து நாளுக்கு என்று பை கட்டினோம். அப்பா எங்களை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

சித்தப்பா இறால் தீவனக் கடை வைத்திருந்தார். வாசல் பக்கம் தீவன மூட்டை, கொல்லைக் கதவைத் திறந்தால் உப்பனாறு, நடுவில் குடித்தனம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுரபுன்னைக் காடு. கொல்லையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் படகு கவிழ்ந்து கிடந்தது. காட்டை அளக்க வந்த யாரோ விட்டுவிட்டுப் போனதாம். ஒரே ஒரு ஆள் உட்காரும் குழியும் இரண்டு முனையிலும் அகப்பை வைத்தாற்போன்ற துடுப்பும் அதற்கு உண்டு. அதைக் கயாக் என்று சொல்ல வேண்டும் என்பது சித்தப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் அந்த வீட்டில் அதற்கு வெள்ளரிக்காய் என்றுதான் பெயர். அதன் நிழலில் கோழிகள் முட்டையிட்டன. அதில் ஏறாமல் ஊர் திரும்புவதில்லை என்று முதல் நாளே நான் முடிவு செய்துவிட்டேன்.

"முட்டிக்கு மேல தண்ணி வரக்கூடாது" என்பது அம்மாவின் சட்டம். சித்தப்பா கெஞ்சிக் கூத்தாடி அதை இடுப்புவரை ஏற்றினார். காலி எண்ணெய்க் கேனை என் முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கன்றுக்குட்டியை ஓட்டுவதுபோல் கரையோரமாக ஓட்டிக்கொண்டு போவார். ஒன்பது நாளில் நான் கை கால் அடித்து ஐந்தாறு முழம் போகக் கற்றுக்கொண்டேன். தம்பி சேறு தின்னக் கற்றுக்கொண்டான். அம்மா கரையில் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு விரலைக்கூட நனைக்கமாட்டாள்.

வெள்ளரிக்காயைப் பற்றிக் கேட்டால் சித்தப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார். "உங்கம்மா காதுல போட்றாத. தண்ணி ஏறட்டும் பாப்பா, ஏத்திவுடறேன்."

கடல் தண்ணீர் அந்த ஆற்றில் நாள்தோறும் ஏறும், இறங்கும். வற்றியிருக்கும் நேரத்தில் படகை இறக்கினால் சேற்றில் குந்திவிடும். ஆகவே கிள்ளையில் தண்ணி ஏறுது என்றால் படகை அவிழ்க்கலாம் என்று அர்த்தம். எங்கள் கம்மாபுரத்தில் அதே சொல்லுக்கு, மழையில் ஏரிக்கரை போய்விட்டது, பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடு என்று அர்த்தம். இந்த வித்தியாசம் எனக்கும் தம்பிக்கும் தெரியும். படகு விஷயம் ரகசியம் என்பதால் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலையில் அப்பா எங்களை அழைத்துப்போக வந்தார். காப்பியைக் குடித்துக்கொண்டே ஆற்றைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு ஆறா? சின்ன வயசுல எங்க ஏரிய அக்கரைக்கும் இக்கரைக்கும் அளந்தவன் நானு" என்றார். நான் நம்பினேன். எங்கள் வீட்டில் நீச்சல் தெரிந்த ஒரே ஆள் அப்பாதான் என்று வகுப்பில் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

அம்மா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா கண்ணைக் காட்டினார். கோழிகளை விரட்டிவிட்டுப் படகைப் புரட்டி, கயிற்றைக் கட்டி, கேனோடு என்னைத் தூக்கிக் குழிக்குள் வைத்துத் தள்ளிவிட்டார். கயிற்றின் மறுமுனை அவர் கையில். முதலில் படகு செக்கு மாடுபோல் ஒரே இடத்தில் சுற்றியது. வலது, இடது என்று மாற்றிப் போட்டதும் நேராகப் போக ஆரம்பித்தது. நான் சொன்ன பக்கம் போகிற ஒரு பொருள் உலகத்தில் அன்றுதான் எனக்குக் கிடைத்தது. அவ்வளவு சந்தோஷம். நடு ஆறு வரைக்கும் போய்விட்டேன்.

கரையில் தம்பிக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினான்.

"தண்ணி ஏறுது! தண்ணி ஏறுது!"

கொல்லைக் கதவு படாரென்று திறந்தது. அம்மா கையில் தம்பியின் டவுசரோடு நின்றாள். நடு ஆற்றில் என்னைப் பார்த்தாள். கயிற்றைப் பார்க்கவில்லை. பின்னாலேயே அப்பா ஓடி வந்து, "இரு இரு, நான் எறங்கறேன்" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார். முதல் பொத்தான் கழன்றது. இரண்டாவது கொஞ்சம் இறுக்கம் போலிருக்கிறது. அதற்குள் அம்மா தண்ணீருக்குள் போயிருந்தாள்.

விழுந்தாள் என்று சொல்லமுடியாது. சேலையைத் தார்ப்பாய்ச்சிச் செருகிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்தாள். கையை மாற்றி மாற்றி வீசி அவள் வந்த வேகத்தைப் பார்த்து நான் துடுப்புப் போட மறந்தேன். வந்தவள் படகின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். வெள்ளரிக்காய் கவிழ்ந்தது. அன்று நான் தண்ணீரில் விழுந்ததற்கு, என்னைக் காப்பாற்ற வந்த அம்மாவைத் தவிர வேறு காரணம் கிடையாது. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். அம்மா கேன் கயிற்றைப் பிடித்து என்னைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கரைக்கு நீந்தினாள்.

"அண்ணி, ஒண்ணும் இல்ல அண்ணி! கயிறு என் கையிலதான் இருக்கு!"

"தண்ணி ஏறுதுன்னு கத்துனானே!"

"அது டெய்லி ஏறும் அண்ணி!"

அம்மா என்னை ஆற்றுப் படியில் உட்காரவைத்துக் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். சித்தி என் தலையைத் துவட்டியபடி எல்லோருக்கும் கதை சொன்னாள். "எங்க அக்காவுக்கா தெரியாது? காடாம்புலியூர்ல எங்க கெணத்துல மோட்டார் ரூம் மேலேர்ந்து குதிப்பா. ஆம்பளப் பசங்களே வாயப் பொளப்பாங்க. வயசுக்கு வந்தப்புறம் கெணத்துப் பக்கமே வுடல. அதோட சரி." அப்பா பொத்தானை மறுபடி மாட்டிக்கொண்டு, "நான் எறங்கறதுக்குள்ள அவ எறங்கிட்டா" என்று ஒவ்வொருவரிடமும் விளக்கினார்.

அம்மா மட்டும் கரையேறாமல் மறுபடி கழுத்தளவு தண்ணீருக்குள் போய் நின்றாள். அப்பா துண்டை நீட்டினார். "ஏறி வா, பஸ்ஸுக்கு நேரமாவுது."

"சேலையெல்லாம் ஒட்டிக்கினு இருக்குது. இத்தினி பேர் நிக்கிறீங்க. எல்லாரும் உள்ள போங்க, வரேன்."

"முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்குக்கா?" என்று சித்தி கேலி செய்தாள். ஆனாலும் தம்பியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். எல்லோரும் போனார்கள். துண்டுக்குக் காவலாக நான் மட்டும் படியில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா ஒரு முழுக்குப் போட்டாள். எழுந்தபோது ஆற்றின் நடுவில் இருந்தாள். அங்கே மல்லாந்து படுத்துக்கொண்டாள். முந்தானை தண்ணீரில் விரிந்து கிடந்தது.

"எல்லாரும் பூட்டாங்கம்மா, ஏறி வா!" என்று கத்தினேன்.

"நீ இருக்கல்ல? திரும்பி உக்காரு."

நான் துண்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் கை வீசுகிற சத்தம் தூரமாகப் போனது. பிறகு கிட்டே வந்தது. வந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுபடியும் தூரமாகப் போனது. பெற்ற மகளிடம்கூட இவ்வளவு கூச்சமா, பாவம் அம்மா என்று இரக்கப்பட்டு, தலையைத் திருப்பாமல் காத்துக்கொண்டிருந்தேன்.