வேப்பிலை கட்டிய வாசலில் ஒரு வில்வண்டி

போன மாதக் கடைசியில் எங்கள் தெருவில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. ஏறுவதற்கு ஆள் இல்லை. ஏற்றி அனுப்புவதற்குத்தான் ஆள் இருந்தது.

எங்கள் தெரு கோட்டைக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குச் சொந்தக்காரர் சேஷய்யர். முன்கட்டில் அவர் குடும்பம். பின்கட்டில் தங்கம் என்ற சின்னப் பெண்ணும் அவள் புருஷனும் வாடகைக்கு. அவன் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. ஊரெல்லாம் போட்டுக்கொண்டிருந்த அம்மை அவனுக்கும் போட்டது. வாசலில் வேப்பிலை ஏறிற்று.

சேஷய்யரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சித்திரையில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம். அதே வாசலில்தான் பந்தல். அம்மை வீட்டில் சம்பந்தி கால் வைப்பாரா? அதனால்தான் வண்டி — புருஷனையும் பெண்டாட்டியையும் நாகர்கோவிலுக்கு, அவள் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட.

ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டே! அம்மை போட்ட வீட்டில் யாரையும் ‘போ’ என்று சொல்லக்கூடாது. உள்ளே அம்மாள் இருக்கிறாள். யாரைச் சொன்னாலும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வாள்.

சேஷய்யர் நடையில் நின்று தவித்தார்.

“தங்கம்... நாகர்கோவில் நல்ல காத்தோட்டமான ஊராக்கும்.”

“ஆமாம் மாமா” என்றாள் அவள், உள்ளேயிருந்து.

“உங்கம்மாவுக்கும் உன்னைப் பாக்கணும்னு இருக்கும்.”

“இருக்கும் மாமா.”

“வண்டி... சும்மாத்தான் நிக்கறது.”

“பாவம், மாட்டுக்கு ஜலம் வைக்கச் சொல்லுங்கோ.”

கேலி இல்லை. கெஞ்சல்தான். “மாமா, அவர் கண்ணே தொறக்கலை. இந்தக் குலுக்கலைத் தாங்கமாட்டார்.”

“நான் ஒண்ணும் சொல்லலியே! அந்த வார்த்தையையே நான் சொல்லலை, கேட்டியா?”

சொல்லவில்லைதான். வண்டியும் நகரவில்லைதான். அந்த வெயிலில் அத்தனை தூரம் கொண்டுபோனால் அவன் உயிரோடு போய்ச் சேருவானா?

நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தெரு வெள்ளையாக உறைந்து கிடந்தது. வேப்பிலை வாசனை வந்து மேலே படிந்தது. கண்ணை மூடிக் கண்டேனோ, திறந்துகொண்டுதான் கண்டேனோ... மஞ்சள் புடவை கட்டிய ஒருத்தி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறாள். ஈரக்கால் கல்லில் பதிகிறது; பதிந்த உடனே காய்கிறது. “ஒரு கட்டு காலியா இருக்கா?” என்று கேட்கிறாள். யாரும் திறக்கவில்லை.

அவளுக்கும் வாடகை வீடுதான் போலிருக்கிறது!

விழித்துப் பார்த்தால் வண்டிக்குப் பக்கத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். வீடு வீடாக அம்மை குத்துவதற்கு ஆட்களோடு வந்தவர், வேப்பிலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

அவரிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றிற்று. வேற்று ஆண்பிள்ளையிடம் நான் எப்போது பேசியிருக்கிறேன்? வாரா வாரம் பத்திரிகையில் உங்களிடம் இவ்வளவு பேசுகிறேனே என்றால் — அது பேனா. வாய் வேறு. சட்டம் படித்தவளா நான்? மூணாங் கிளாஸோடு நின்றவள். ஆனால் தெரியாததைக் கேட்கலாம் அல்லவா?

கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு கேட்டேன். “ஸார்... அம்மைத் தீனக்காரரை இந்த வண்டியில ஊருக்கு அனுப்பலாமோ?”

குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மாட்டைப் பார்த்தே, பாதி மலையாளத்தில் பதில் சொன்னார்.

“பாடில்லா, கூடாது! ரோகி வீட்டை விட்டுப் போகப் பாடில்லா. அதாணு சட்டம். அனுப்பறவரும் குத்தக்காரர், வண்டிக்காரனும் குத்தக்காரன்!”

வண்டிக்காரன் அதற்குமேல் அங்கே நிற்பானா? மணிச்சத்தம் பழவங்காடிப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

அந்தச் சட்டத்தை நினைத்து எங்கள் தெருவே பயந்துகொண்டிருந்தது, ஆளை உள்ளே வைத்துக் கதவை அடைக்கிற சட்டமாயிற்றே என்று. அடைத்த கதவு வெளியே பிடித்து இழுக்கிறவரையும் தடுக்கும் என்று யாருக்குத் தோன்றிற்று? நீங்களும் ஏதாவது ஒரு உத்தரவுக்குப் பயந்துகொண்டிருந்தால், அதன் மறுபக்கம் என்ன என்று கேட்டுவிடுங்கள். கதவுக்குப் பின்னால் நின்றாவது.

கல்யாணத்தைக் கரமனையில் தன் அண்ணா வீட்டுக்கு மாற்றிக்கொண்டார் சேஷய்யர். தங்கத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. நோயாளியைத் தொடுகிறவள் கிணற்றடிக்கு வரக்கூடாது என்று கயிற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஆனால் தினமும் காலையில் அவரே இறைத்து, பின்கட்டு வாசலில் குடத்தை ‘டங்’கென்று வைத்துவிட்டுப் போவார்.

நேற்று தங்கத்தின் புருஷனுக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டார்கள். பிழைத்துவிட்டான். வேப்பிலை இறங்கிற்று. இனி எந்த வார்த்தையையும் சொல்லலாம்.

சேஷய்யர் பின்கட்டுக்கு வந்தார். தங்கம் தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கிணற்றுக் கயிற்றை அவளிடம் நீட்டினார்.

“போ... போய் நீயே எறைச்சுக்கோ. என் முதுகு ஒடிஞ்சுடுத்து!”