நான் அழித்த குரல்

ஒரு தாயின் குரலை நான் அழித்தேன். தவறுதலாக அல்ல... தெரிந்தே அழித்தேன்!

ரிஸ்வானும் நானும் ஆலங்குடாவில் ஒரு ராக் இசைக்குழு வைத்திருந்தோம். அவன் கிற்றார் வாசிப்பான், நான் பாடுவேன். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காக ஹோட்டல்களில், அவர்களுக்குத் தெரிந்த பாடல்களையே பாடினோம்.

அது சலித்துப்போய், ரிஸ்வான் சொந்தமாக ஒன்றைச் செய்தான். நீண்ட பாடல். பல்லவியே கிடையாது! தளர்த்திய தந்திகளின் உறுமலுக்கு நடுவே, முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட நாளைப் பற்றி, பதிவுசெய்த குரலில் அவனுடைய உம்மா பேசுவார். வீட்டைப் பூட்டியதை, பூட்டிய திறப்பைக் கையில் பிடித்தபடி வள்ளத்தில் ஏறியதை...

அதை வாசித்த அன்று பாதிப் பேர் எழுந்து போனார்கள்.

கொழும்பிலிருந்து வந்திருந்த தயாரிப்பாளர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "தாளம் நல்லம் தம்பி. ஆனா அந்த மனிசிட கதைய யார் கேக்கிற? அத எடுத்துப்போட்டு, ஆடுற மாதிரி சின்னதாச் செஞ்சு தாங்க."

ரிஸ்வான் மறுத்தான். "உம்மா இல்லாட்டி அது என்ட பாட்டே இல்ல மச்சான்."

காணி விடயமாக அவன் மன்னாருக்குப் போயிருந்தபோது நான் வெட்டினேன். உம்மா பேசிய இடத்தில் கைதட்டலைச் சேர்த்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். முழுப் பாடலையும் அவன் வெளியிட்டுவிடுவானோ என்று பயம்... மூலப் பதிவு என் கணினியில் மட்டுமே இருந்தது. அதையும் அழித்தேன்.

பாட்டு பிடித்துக்கொண்டது. முச்சக்கர வண்டிகளில், கல்யாண வீடுகளில், எங்கும் அதுதான்! ரிஸ்வான் என்னோடு கதைப்பதை நிறுத்தினான். கிற்றாரை விற்றுவிட்டு, சுற்றுலாப் பயணிகளுக்கு டொல்பின் காட்டும் படகில் வேலைக்குப் போனான்.

பிறகு அவனுடைய உம்மா மௌத்தானார். அடக்கம் செய்து, கத்தம் ஓதி முடிந்ததும் அவனே என் வீட்டுக்கு வந்தான்.

"கோவமெல்லாம் விட்டுட்டன் மச்சான். உம்மாட சத்தம் வேற எங்கயும் இல்ல. உங்கிட்ட இருக்கும் தானே?"

"கம்ப்யூட்டர் பழுதாப் போச்சுடா... எல்லாம் போயிட்டு."

அவன் என் தோளைத் தடவினான். "சரி விடு. நீ என்ன செய்ய ஏலும்?"

என்னைத் தேற்றினான்! அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாய் வரவில்லை... இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பின் நானும் புதிதாக எதையெதையோ முயன்றேன். எதிலும் உயிரில்லை. வெட்ட மட்டுமே தெரிந்தவனுக்கு என்ன வரும்?

நேற்று ரிஸ்வான் மறுபடியும் வந்தான். தங்கைக்குக் கல்யாணமாம். "அந்தப் பாட்டத்தான் எல்லாரும் கேக்கிறாங்க. வந்து பாடுவியா மச்சான்?"

அவன் முகத்தைப் பார்க்காமலே, "ஓம், பாடுறன்" என்றேன்.